மீன் குழம்பில் மீனுக்குரிய இடம்: வடுகபட்டியை முன்வைத்து ஓர் ஆய்வு

மீன் குழம்பின் உறுப்புகளை வகைப்படுத்தப் புகுவோர் முதலில் எதிர்கொள்ளும் வியப்பு, மீனை மட்டும் நீக்கிவிட்டால் அக்குழம்பு முழு நனிசைவமாகிவிடுகிறது என்பதாகும். நனிசைவம் என்பது ஊனோடு பால், தயிர், நெய், தேன் முதலாக விலங்கிலிருந்து பெறப்படும் யாவற்றையும் விலக்கும் உணவுநெறி. இந்த அளவுகோலின்படி மோர்க்குழம்பும் நெய் ஊற்றிய பருப்பும் தொடக்கத்திலேயே தோற்றுவிட, நல்லெண்ணெய், புளி, சின்ன வெங்காயம், தக்காளி, மிளகாய்த்தூள், வெந்தயம், பூண்டு ஆகியவற்றாலான மீன் குழம்போ ஒரே பாடத்தில் தவறிய மாணவனைப் போல் நிற்கிறது. அந்த ஒரு பாடத்தைச் சிப்பிக் காளானைக் கொண்டு மறுபடி எழுதித் தேற முடியுமா என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

இந்த ஆய்வுக்கு வடுகபட்டி களமாகக் கொள்ளப்பட்டது, அவ்வூருக்குக் கடலோடு சொல்லிக்கொள்ளும்படியான உறவு ஏதும் இல்லாமையால்தான். பெரியகுளத்தை அடுத்த இப்பேரூரின் பக்கம் ஓடும் வராக நதி வைகையில் சேர்கிறது. வைகையோ 1959 முதல் அணையில் தேக்கப்பட்டு, அதைக் கடந்தது இராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கி, அதற்கும் மிஞ்சினால் மட்டுமே கடலைக் காண்கிறது. ஆற்றுக்கே அரிதாக வாய்க்கும் கடல் ஊருக்கு எங்ஙனம் வாய்க்கும்? இப்பகுதிச் சட்டியில் விழுவது பெரும்பாலும் வைகை அணையின் ஜிலேபியும் கட்லாவும் ரோகுவுமே. கடல்மீன் ஐஸ் பெட்டியிலும் கருவாட்டு மூட்டையிலும் பயணப்பட்டு வரும் வெளியூர் ஆள். பூண்டின் நிலை வேறு. கொடைக்கானல் மலையில் விளைந்து, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டும், வடமாநிலங்களிலிருந்து லாரியேறி வரும் பூண்டும் விலை பேசப்படும் பெயர்பெற்ற சந்தை இங்கேதான் உள்ளது. ஆகவே இவ்வூர் மீன் குழம்பில் குடியுரிமை உடையது பூண்டு, மீனோ விருந்தாளி என்னும் கருதுகோளிலிருந்து ஆய்வு தொடங்குகிறது.

இக்கருதுகோளுக்கு வேதியியல் துணைநிற்கிறது. கடல்மீனின் தசையில் டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்றொரு சேர்மம் உண்டு. மீன் இறந்தபின் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து டிரைமெத்திலமைன் ஆக்குகின்றன, மீன்வாடை எனப்படுவது பெரும்பாலும் இதுவே. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் இதனோடு கூடும்போது ஆவியாகாத உப்பு உருவாவதால் வாடை மூக்கை எட்டாது போகிறது. அணைமீனின் சேற்றுவாடைக்குக் காரணமான ஜியோஸ்மினும் அமிலத்தில் சிதையும் தன்மையதே. எனவே விலை கொடுத்து மீன் வாங்கி, கல்லுப்பும் மஞ்சளும் இட்டு ஏழு தண்ணீரில் அலசி, புளி கரைத்து ஊற்றி, போதாதென்று பூண்டையும் வெந்தயத்தையும் ஏவி, அது மீன் என்பதற்கான தடயங்களை ஒவ்வொன்றாக அழிப்பதையே மரபு மீன் குழம்பு வைத்தல் என்று வழங்கிவருகிறது.

தடயம் அழிந்தபின் எஞ்சுவது, ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இக்கேடா 1908-இல் உமாமி என்று பெயரிட்ட நாவூறும் சுவை. கடற்பாசியிலிருந்து அவர் பிரித்தெடுத்த குளூட்டமேட் தக்காளியிலும் நிறைய உண்டு. மீனிலுள்ள இனோசினேட் இந்தக் குளூட்டமேட்டின் சுவையைப் பன்மடங்கு பெருக்குகிறது; காளானிலுள்ள, சிறப்பாக உலர்ந்த காளானிலுள்ள குவானிலேட்டும் அதே பணியைச் செய்கிறது. தக்காளி தன் இடத்தில் இருக்க, இனோசினேட் எழுந்துபோன நாற்காலியில் குவானிலேட் அமர்கிறது என்பதற்கு மேல் குழம்பில் எதுவும் நிகழ்வதில்லை.

காளானுக்கு முன்பே இப்பதவிக்கு வேட்பாளர்கள் இருந்தனர். வாழைக்காயைக் கொண்டு சைவ மீன் குழம்பு வைப்போரும், சேனைக்கிழங்கை மீன்துண்டம்போல் அரிந்து மசாலா தடவி வறுப்போரும் தமிழகத்தில் நெடுங்காலமாக உண்டு. தோற்றத்தில் இவை வென்றாலும் கொதியில் குழைந்து மாவாகிவிடுவதால் தோற்றன. காளானின் செல்சுவர் கைட்டின் என்னும் பொருளாலானது. இறால், நண்டு ஆகியவற்றின் ஓடும் அதே கைட்டினால் ஆனதே. வெப்பத்துக்கு எளிதில் இளகாத இப்பொருளின் தயவால் காளான் எவ்வளவு கொதித்தாலும் கடிபடும்; மீனைப்போல் கரண்டி பட்டவுடன் உடைந்து மானத்தை வாங்காது. ஆனால் சிப்பிக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு நீர் என்பதை மறந்து, அதை அப்படியே குழம்பில் கொட்டுவோர் ரசத்தைத்தான் அடைவர். கையால் நீளவாக்கில் கிழித்து, எண்ணெயின்றி மண்சட்டியில் நீர் வற்ற வாட்டி, குழம்பில் எண்ணெய் பிரிந்த பின்னரே இடுதல் முறை. கருவாடு வேண்டுவோர் அதனை வெயிலில் உலர்த்தலாம். அவ்வாறு உலர்த்துகையில் காளானிலுள்ள எர்கோஸ்டெரால் வைட்டமின் டி2 ஆக மாறுவது கூடுதல் ஆதாயம்.

இனி, இது கடலுணவு ஆகுமா என்னும் வினா எழும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வழங்கிய கோ-1, எம்.டி.யு-1 போன்ற சிப்பிக் காளான் இரகங்கள் வளர்வது நெல் வைக்கோலில். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லை விளைவிப்பது முல்லைப் பெரியாற்று நீர். மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த அந்நீரை, 1895-இல் முடிந்த பென்னிகுவிக்கின் அணையும் சுரங்கமும் கிழக்கே திருப்பின. கடலுக்கு உரியதாயிருந்த நீர் நெல்லாகி, வைக்கோலாகி, காளானாகி வருமாயின், அது கடலுணவே என்று வாதிடச் சட்டம் படித்தோர் சிலரேனும் முன்வருவர்.

சாத்திரத் தடை ஒன்றும் உண்டு. மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம் இருபிறப்பாளருக்கு விலக்கியவற்றுள் பூண்டையும் காளானையும் ஒரே மூச்சில் சேர்த்திருக்கிறது. இக்குழம்பை மனதில் வைத்தே எழுதப்பட்டதோ என்று ஐயுற இடமுண்டு. புரட்டாசியிலும், குமுளிச் சாலை ஐயப்ப பக்தர்களால் நிறையும் கார்த்திகையிலும், காளான் சைவமா அசைவமா என்னும் வழக்கு வீடுதோறும் விசாரணைக்கு வருகிறது. காளான் தாவரத்தைவிட விலங்குக்கே நெருங்கிய உறவு என்று 1993 முதல் மூலக்கூற்று உயிரியலார் காட்டிவருவதால், அறிவியலைச் சாட்சிக்கு அழைக்காமலிருப்பது விரதக்காரருக்கு நல்லது.

எஞ்சும் குறை இரண்டு. ஒன்று, முள். முள்ளுக்கு அஞ்சி மெல்ல உண்ணும் ஒழுக்கம் காளானில் அற்றுப்போவதால் சோறு விரைந்து தீர்கிறது. உலை வைப்போர் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும். மற்றது, பூனையின் தீர்ப்பு. பூனையின் நாக்கு குளூட்டமேட்டைப் பொருட்படுத்துவதில்லை என்றும், சூரைமீனில் மிகுந்துள்ள இனோசினேட்டும் ஹிஸ்டிடினும் கூடிய சுவையையே நாடுகிறது என்றும் 2023-இல் வெளியான ஆய்வொன்று கூறுவதால், இவ்விடயத்தில் ஏமாற்ற இயலாத நடுவர் அதுவே. ஆயினும் பூண்டு பூனைக்கு நஞ்சு என்பதால் இக்குழம்பை அதன் முன் வைக்கலாகாது. பூண்டில்லாமல் வைத்து ஒருமுறை தேர்வு நடத்தலாமெனின், அதற்கு வடுகபட்டியில் அடுப்பு கிடைக்காது.