கத்தரிக்காயும் கவர்னரும்

கேள்வி: புழக்கடையில் கத்தரியும் வெண்டையும் பயிரிட்டதற்கு, 'அழகு கெடுகிறது' என்று எங்கள் குடியிருப்புச் சங்கம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. என்ன செய்வது?
— ஒரு வாசகி, பிளசன்டன், கலிபோர்னியா

பதில்: மாடுகூட மேய வராத புல்லுக்குத் தினந்தோறும் தீர்த்தாபிஷேகம் செய்வதையே சௌந்தரியமென்று கருதும் சங்கத்தார், 2014-இல் சட்டசபை நிறைவேற்றி, கவர்னர் ஜெர்ரி பிரௌன் கையொப்பமிட்டு, 2015 ஜனவரி முதல் அமலிலிருக்கும் ஏ.பி. 2561 என்ற சட்டத்தைப் படிக்கவில்லை போலும்! வீட்டுக்காரரின் பிரத்தியேக உபயோகத்துக்குரிய புழக்கடையில், சொந்தத் தேவைக்கோ நன்கொடைக்கோ காய்கனி பயிரிடுவதைத் தடுக்கும் சங்க விதி எதுவும் அதன்படி செல்லாது. நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கவும், களையையும் காய்ந்த செடியையும் அகற்றச் சொல்லவும் அவர்களுக்கு அதிகாரமுண்டு, அதை மறுக்காதீர்கள். (கஞ்சாவுக்கு இச்சலுகை கிடையாது, தாங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.)

கறிவேப்பிலை விஷயத்தில் மாத்திரம் சர்க்காருடன் மல்லுக்கு நிற்கவேண்டாம். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் வியாதியைப் பரப்பும் பூச்சி அதிலும் சுகமாக வாசம் செய்வதால், அப்பூச்சிக்காக வகுத்த தடைப் பிரதேசத்திலிருந்து கறிவேப்பிலைக் கன்றை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது நியாயமான நிர்ப்பந்தமே.

நோட்டீசுக்குப் பதிலாக, மேற்படி ஏ.பி. 2561 இடம்பெற்றுள்ள சிவில் சட்டத்தின் 4750-ஆம் பிரிவின் நகலை அனுப்புங்கள். நன்கொடையும் சட்டத்தில் அடங்கியிருப்பதால், கூடவே நாலு கத்தரிக்காயும் அனுப்பிவையுங்கள்.