அழைப்பு அவருக்கு, பெட்டி எனக்கு

மிஷனரிகளைப் பற்றிய புத்தகங்களில் ஒரு குறை உண்டு. அவற்றில் யாரும் வாந்தி எடுப்பதில்லை. கப்பலேறுகிறார்கள், காட்டைக் கடக்கிறார்கள், மலையேறுகிறார்கள், அடுத்த பக்கத்தில் ஆஸ்பத்திரி கட்டிவிடுகிறார்கள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று பின்னாலேயே போனவள் எந்த வளைவில் பாட்டிலைத் திறந்து எந்தப் பிள்ளையின் வாயைக் கழுவினாள் என்று ஒரு வரி கிடையாது. எழுதியவர் ஜன்னலோர சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தவராக இருக்கும்.

என் வீட்டுக்காரர் ஊழியக்காரர். ஜார்க்கண்டில் ராஜ்மகால் மலைகளில் மால்தோ ஜனங்களுக்கு நடுவே குடியிருக்கிறோம். "ஆண்டவர் எனக்கு வடக்கே போக அழைப்புக் கொடுத்தார்" என்று சாட்சி சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். நியாயம்தான், அழைப்பு அவருக்கு வந்தது. எனக்கு வந்தது கல்யாணப் பத்திரிகை. பிள்ளைகள் இரண்டுக்கும் அதுகூட இல்லை. யாரும் அவர்களைக் கேட்கவில்லை, தூக்கிக்கொண்டு போய்விட்டோம்.

அழைப்பு வந்தவருக்குப் பயணத்துக்கு ஒரு வேதாகமம், ஒரு ஜோல்னாப் பை போதும். மற்றதெல்லாம் என் இலாகா. பால் பவுடர், பிளாஸ்க், மாத்திரை டப்பா, மாற்றுத்துணி, அதற்கு மாற்றுத்துணி, பழைய வேட்டியைக் கிழித்த துண்டுகள், எலுமிச்சம்பழம், பாலிதீன் பை. "இவ்வளவு எதற்கு? பை, இரண்டு அங்கி, பாதரட்சை ஒன்றும் எடுக்காமல்தானே ஆண்டவர் சீஷர்களை அனுப்பினார்?" என்று இவர் கேட்பார். "அவர்கள் பன்னிரண்டு பேரும் பெரிய ஆட்கள், ஒருத்தருக்கும் டயபர் இல்லை" என்பேன். அதற்கு மேல் அவர் வேதம் பேசமாட்டார்.

லீவுக்கு ஊருக்கு வர எங்களுக்கு ஒரு வண்டி இருக்கிறது. தன்பாத்திலிருந்து ஆலப்புழை போகும் எக்ஸ்பிரஸ், சேலத்தில் நிற்கும். ராத்திரி இரண்டு அதிலேயே கழியும். பாதிப் பேர் வேலூருக்குப் போகும் நோயாளிகள். எக்ஸ்ரே கவரைத் தலைமாட்டில் வைத்துப் படுத்திருப்பார்கள். ஜார்க்கண்டில் யாருக்கு என்ன நோய் வந்தாலும் கடைசியில் "வேலூர்" என்பார்கள். காட்பாடி வந்ததும் பெட்டி காலியாகும், அதுவரைக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பெட்டி முழுக்கச் சொந்தக்காரர்கள்தான். சின்னவள் யார் டிபன் பாக்ஸைத் திறந்தாலும் எதிரே போய் உட்கார்ந்துவிடுவாள். பேசமாட்டாள், கேட்கமாட்டாள், பார்ப்பாள். அவ்வளவுதான், பராட்டாவில் பாதி வந்துவிடும். விசுவாசத்தில் வாழ்வது எப்படி என்று இவர் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்கிறார். நடைமுறையில் செய்து காட்டுகிறவள் அவள்.

கீழ் பெர்த் யாருக்கு என்பதில்தான் எங்கள் வீட்டில் சமாதானம் கெடும். சின்னவள் உருண்டு விழுவாள், அதனால் கீழே. அவளோடு நான். பெரியவன் மேலே போவேன் என்று அழுது மேலே போவான், போனதும் பாத்ரூம் வருகிறது என்று இறங்குவான். இறங்கும்போதெல்லாம் நடு பெர்த்தில் படுத்திருக்கும் ஊழியக்காரரின் வயிற்றில் ஒரு கால் வைப்பான். அவர் அதைப் பாடு என்று ஏற்றுக்கொள்கிறார்.

ஊர் வந்து இறங்கினால் எனக்கு உயிர் வரும். சேலம் ஜங்ஷனில் "ஏனுங்க, பஸ் ஸ்டாண்டு வருமுங்களா?" என்று ஆட்டோக்காரரைக் கேட்கும்போதே பாதி அலுப்புப் போய்விடும். ராசிபுரம் தாண்டிச் சேந்தமங்கலம் வரும்போது கிழக்கே கொல்லிமலை முழு உருவத்தோடு எழுந்து நிற்கும். "பார்றா, நம்ம ஊரு!" என்று பெரியவனை எழுப்புவேன். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "எப்ப ஊருக்குப் போறோம்?" என்பான்.

என் ஊர் அவனுக்கு வெளிநாடு. அவன் அதில் சுற்றுலாப் பயணி. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதே என்று மூடி மூடித் திறந்து பார்த்து, அம்மாயியிடம் திட்டு வாங்குவான். நாமக்கல் ஆஞ்சநேயரைத் தெருவிலிருந்து பார்த்துவிட்டு, பதினெட்டடி உயரச் சாமிக்கு மேலே கூரையே இல்லை என்றதும் "மழை பேஞ்சா?" என்று கவலைப்பட்டான். பக்கத்தில் நின்ற பெரியவர், கோயிலில் அப்படித்தான் ஐதீகம் என்று பொறுமையாகச் சொல்லிக் கையில் ஒரு வாழைப்பழம் கொடுத்தார். ஊழியக்காரர் மகன் ஆஞ்சநேயருக்காகக் கவலைப்பட்டான் என்ற செய்தி எங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆனால் அவனை அடியோடு கவிழ்த்தது முட்டை. மலையில் எங்கள் பக்கம் மக்காச்சோளமும் பயறும்தான் சாப்பாடு. முட்டை என்பது விருந்தாளி வந்தால் யார் வீட்டிலாவது ஒன்று தேடிப் பிடித்து வாங்குவது. நாமக்கல்லில் முட்டை டிரே டிரேயாக அடுக்கி வேன் நிறையப் போவதை முதல்முதலாகப் பார்த்தபோது, தெருவில் நின்று வாயைப் பிளந்துவிட்டான். வாக்குத்தத்த தேசத்தில் பாலும் தேனும் ஓடும் என்று அவன் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறான். முட்டையைப் பற்றி யாரும் சொல்லி வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபையில் எங்களை மேடையேற்றுவார்கள். "நம் மிஷனரிப் பிள்ளைகள் இப்போது ஒரு பாட்டுப் பாடுவார்கள்." இருவரும் மால்தோவில் பாடுவார்கள். ஒரு சொல்லும் புரியாமல் சபை முழுக்க உருகிப்போய் "ஆமென்" சொல்லும். இந்தத் தடவை சின்னவள் பாடினது பாட்டே இல்லை, எங்கள் கிராமத்தில் ஆட்டைக் கொட்டிலுக்குள் விரட்டும்போது கத்துகிற சத்தம். நானும் இவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றோம். ஒரு பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கையில் ஐம்பது ரூபாய் திணித்தார்.

அசல் வெளிநாட்டுக்கும் போயிருக்கிறோம். மலேசியாவில் கிள்ளானில் ஒரு தமிழ்ச் சபை கூப்பிட்டது. திருச்சி ஏர்போர்ட்டில் பெட்டி எடை கூடிப்போய், அம்மா கட்டித் தந்த முறுக்குச் சம்படத்தையும் பருப்புப் பொடியையும் வெளியே எடுத்துப் பிள்ளைகளின் ஸ்கூல் பைக்கு மாற்றினேன். இங்கிலீஷும் மலாயும் எழுதிய ஊரில் இறங்கி நான் பயந்து நிற்கிறேன். வரவேற்க வந்த அம்மா "வாங்க கண்ணு, சாப்பிட்டீங்களா?" என்றார். பெரியவன் என் முந்தானையை இழுத்து, "அம்மாயி வீடா இது?" என்று கேட்டான். அவன் கணக்கில் யார் தமிழில் சாப்பிட்டாயா என்று கேட்கிறார்களோ அது நாமக்கல். பாஸ்போர்ட்டில் குத்தின முத்திரையெல்லாம் அவனுக்குச் செல்லாது.

எனக்கோ எந்தக் காட்டிலும் சொந்த ஊர் தேடிவரும். சாகிப்கஞ்ச் பக்கம் ரோட்டோரம் ஜீப்புக்குக் காத்திருக்கும்போது டி.என். 28 என்று நம்பர் போட்ட லாரி வந்தது. நாமக்கல் பதிவு. இந்தியாவில் எந்த மூலையில் நின்றாலும் ஒரு நாமக்கல் லாரி வரும் என்பது எங்கள் ஊர்க்காரர்களின் விசுவாசப் பிரமாணம். அதைப் பார்த்ததும் சின்னவளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "அண்ணோவ்!" என்று கத்தியபடி ஓடினேன். லாரி ஐம்பதடி தள்ளி நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, "எந்த ஊருங்க தங்கச்சி?" என்றார்.

"சேந்தமங்கலமுங்க."

"நான் எருமப்பட்டிங்க. இந்தக் காட்டுல என்னங்க பண்றீங்க?"

அந்தக் கேள்விக்கு இவர் அரைமணி நேரம் பதில் சொல்லுவார். நான் "இவருக்கு இங்க வேலைங்க" என்றேன். கிளீனர் தம்பி கேபினில் தாளித்து வைத்திருந்த புளிச்சாதத்தைத் தினத்தந்தியில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். சாதத்தைச் சாப்பிட்டு முடித்து, எண்ணெய் ஊறின அந்தப் பேப்பரையும் ராசிபலன் வரைக்கும் படித்தேன். பெரியவன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். தெரியாத ஆள் கொடுத்தால் வாங்கித் தின்னாதே என்று அவனுக்குப் பாடம் நடத்தியவள் நான்தானே.

எங்கள் கொல்லிமலையில் இதே கதை நூறு வருஷத்துக்கு முன்னால் தலைகீழாக நடந்திருக்கிறது. ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயர் 1907-இல் இந்தியா வந்தவர். 1913-இல் ஈவ்லினைக் கல்யாணம் செய்துகொண்டு மலைமேல் வளவந்தியில் குடியேறினார். ஈவ்லின் லண்டனில் வசதியான வீட்டுப் பெண், படம் வரைகிறவர். அப்போது காரவள்ளியிலிருந்து மேலே தார் ரோடு கிடையாது, நடக்க வேண்டும், அல்லது டோலி. 1914-இல் பால் பிறந்தான், பின்னால் தங்கை கானி. ஜெஸ்ஸி நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி வெளியே எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்து வளர்ந்தவன் அந்தப் பையன். வயலில் தவளை பிடிக்கப் போய்ச் சேற்றைக் கலக்கினதற்கு ஊர்த் தாத்தாவிடம் திட்டு வாங்கியதைக் கிழவரான பிறகும் எழுதியிருக்கிறார். வயல் சேறு ஓடையில் போனால் திரும்ப வராது, சேறு போனால் சோறு போச்சு என்பதுதான் தாத்தா சொன்னதன் சாரம். கணக்குப் பாடத்தை மரத்தின்மேல் உட்கார்ந்து போட்டுவிட்டு, தாளைக் கீழே நிற்கும் அம்மாவுக்குப் போடுவானாம். அந்த அம்மா என் இனம் என்று இந்த இடத்தில்தான் முடிவுசெய்தேன்.

1923-இல் குடும்பத்தோடு "ஊருக்கு" லீவில் போனார்கள். ஜெஸ்ஸிக்கும் ஈவ்லினுக்கும்தான் அது ஊர். ஒன்பது வயது வரைக்கும் மலையில் வெறுங்காலோடு திரிந்தவனுக்கு லண்டன் வெளிநாடு. குளிர், ஷூ, மாடி வீடு, இரண்டு அத்தைமார். படிப்புக்காகப் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். அந்தக் கால வழக்கம் அது. கோடைக்கானலில் 1901-இல் அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் தொடங்கினதும் இந்தப் பிரிவுக்குப் பயந்துதான். 1929-இல் ஜெஸ்ஸி மலைக்காய்ச்சலில் இறந்துபோனார். மகனை மறுபடி பார்க்கவில்லை. சாவுச் செய்தி போய்ச் சேர்ந்த பிறகு, அவர் முன்னால் எழுதிப்போட்ட கடிதம் கப்பலில் மெதுவாக லண்டன் போய்ச் சேர்ந்தது. இந்தப் பக்கத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பெரியவனுக்கும் ஹாஸ்டல் வயது நெருங்குகிறது.

அந்தப் பையன் சும்மா இருக்கவில்லை. டாக்டராகி 1946-இல் வேலூர் வந்து, தொழுநோயில் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். டாக்டர் பால் பிராண்ட் என்றால் உலகத்துக்கே தெரியும். அவர் லண்டனிலிருந்து இந்தியா வந்ததைப் புத்தகங்கள் தியாகம் என்கின்றன. எனக்கென்னவோ மனுஷன் லீவு முடிந்து ஊருக்குத் திரும்பினதாகத்தான் படுகிறது. ஈவ்லினும் அப்படியே. மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் போகமாட்டேன் என்று மலைகளிலேயே சுற்றி, தொண்ணூற்றைந்து வயதில் 1974-இல் காலமானார். கடைசி இருபது வருஷம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்பார்கள். பிள்ளைகளோடு பயணம் செய்த எந்தப் பெண்ணுக்கும் அதன் காரணம் விளங்கும்.

ஜெஸ்ஸி, ஈவ்லின் சமாதியைப் பார்க்க நாங்களும் கொல்லிமலை ஏறினோம். இப்போது எழுபது கொண்டைஊசி வளைவு, டவுன் பஸ். பத்தாவது வளைவில் எலுமிச்சம்பழத்தை எடுத்தேன், முப்பதாவதில் பாலிதீன் பை. பிள்ளைகளுக்கு இல்லை. மலையில் வளர்ந்ததுகள், கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து வந்தன. அழைப்புப் பெற்றவர்தான் பையை வாங்கினார். செம்மேட்டில் இறங்கியதும் சின்னவள் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஓட்டம். பெரியவன் ஒரு பலா மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அம்மா, இது நம்ம ஊரு மாதிரியே இருக்கு" என்றான்.

லீவு முடிந்து பெட்டி கட்டும் நேரம். பெரியவன் நடு வீட்டில் நின்று அறிவித்தான்: "நான் வரல. ஆண்டவர் எனக்கு நாமக்கல்லுக்கு அழைப்புக் கொடுத்திருக்காரு."

இவர் திகைத்துப்போனார். அழைப்பை எதிர்த்துப் பேச எந்த மனுஷனுக்கும் அதிகாரமில்லை என்று போன வாரம்தான் பிரசங்கித்திருந்தார். அம்மா சமையல்கட்டிலிருந்து, "ஆண்டவரே சொல்லீட்டாருன்னா நாம மறுக்கலாமுங்களா மாப்பிள்ளை?" என்றார்.

இவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அழைப்பு உண்மையானதுன்னா, அடுத்த லீவு வரைக்கும் நிக்கும்டா" என்றார். அவருடைய ஊழியத்திலேயே நல்ல பிரசங்கம் அதுதான்.

பெரியவனும் யோசித்தான். சரி, அதுவரைக்கும் தாக்குப்பிடிக்க ஒரு அட்டை முட்டை வேண்டும் என்றான். அம்மாயி கட்டிக் கொடுத்துவிட்டார். முப்பது முட்டை, ரயிலில் இரண்டு ராத்திரி, அப்புறம் ஜீப்பில் மலை. மடியில் வைத்துக்கொண்டு போனது யார் என்று கேட்காதீர்கள்.