பருந்துக் காவல்

எட்டு வயதில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் பருந்து பார்ப்பது. பென்னாகரம் பக்கத்தில் எங்கள் ஊர். கோழி குஞ்சு பொரித்தால் போதும், ஆயா கையில் உண்டிவில்லைத் திணித்துப் புளியமரத்தடியில் உட்கார வைத்துவிடும். களத்தில் நிழல் ஓடினால் "ஊய்ய்" என்று கத்த வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் தாய்க்கோழி ஒரு குரல் கொடுத்துக் குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்த்திருக்கும். என்னைவிட அதற்கு வேலை தெரியும். ஒரு மத்தியானம் கண்ணசந்துவிட்டேன். பதினொன்றில் ஒன்று குறைந்தது. அன்று ராத்திரி எனக்கு வெறும் களி, குழம்பு கிடையாது.

இப்போது அதே வேலையைக் கைக்காசு போட்டுச் செய்கிறேன். பைனாகுலர் வாங்கிய விலைக்கு ஆயா ஒரு பண்ணையே வைத்திருக்கும். போன தை மாதம் சேலம், திருச்சி, தஞ்சாவூர் என்று பஸ் மாறி மாறிக் கோடியக்கரை போனேன். 1967-லேயே சரணாலயமான இடம். கடலோரம் விராலடிப்பான் பார்க்க வேண்டும் என்பது ஆசை. குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வருகிற மீன்பிடிப் பருந்து. காலை முன்னால் நீட்டித் தண்ணீரில் விழும். வழுக்குகிற மீனைப் பிடிக்க அதன் உள்ளங்காலில் முள் முள்ளாக இருக்கும். இரண்டு நாள் உப்புக்காற்றில் நின்றேன். உப்பளத்து மேலே ஒரு பூனைப்பருந்து தாழப் பறந்து போனதோடு சரி.

கூட வந்த உள்ளூர்க்காரர் கேட்டார்: "சாருக்கு எந்த ஊரு?"

"தருமபுரிங்க."

"ஒகேனக்கல் பக்கமா? அங்க காவிரியில மீன்கழுகு இருக்குமே! பாத்திருப்பீங்களே?"

நான் ஒகேனக்கலில் பார்த்ததெல்லாம் வறுத்த மீன். முப்பது வருஷமாக.

காவிரியை ஒட்டிய 686 சதுர கிலோமீட்டர் காட்டை 2022-இல் காவிரி தெற்கு சரணாலயமாக்கியபோது அரசே பேர் சொன்ன பறவை அது. ஊர் திரும்பியதும் பரிசல்காரரிடம் விசாரித்தேன். "அதுங்களா? மருத மரத்துல குந்திக்கினு இருக்கும். நம்ம மீனத்தான் தூக்கும்" என்றார், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல. இதற்குத்தான் கோடியக்கரை வரைக்கும் போனேனா என்று அவர் கேட்கவில்லை. மரியாதை தெரிந்த மனிதர்.

போன வாரம் மாடியில் நின்று பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா நாலு நாட்டுக்கோழி வளர்க்கிறது. வேப்பமரத்திலிருந்து ஏதோ சரிந்து இறங்கியது. சட்டென்று கண்ணில் வைத்தேன். சாம்பல் முதுகு, நெஞ்சில் செம்பழுப்புக் கோடு, மஞ்சள் கால். அந்தக் காலில் ஒரு குஞ்சு.

"பருந்துடா, விரட்டுடா!" என்று கீழிருந்து அம்மா.

"பருந்து இல்லம்மா," என்றேன், "வல்லூறு."