வெட்டுப்புள்ளிக்கு முந்திய டொக்டர்

க.பொ.த. உயர்தரப் பரீட்சையை உயிரியல் பிரிவில் எழுதி முடித்து, மருத்துவ பீட அழைப்புக்காகக் காத்திருக்கும் இளைஞர், கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையிலும் அங்கிருந்து சாகாமம் நோக்கிச் செல்லும் வீதியின் ஓரங்களிலும் காணப்படும் ஒரு தனி வகையினர் ஆவார். பெறுபேறு வெளியான அன்றே ஊர் அவரை ‘டொக்டர்’ என்று அழைக்கத் தொடங்கிவிடும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குத்தான் அச்செய்தி இன்னும் எட்டியிருக்காது.

இவ்வகையினரைத் தோற்றுவித்தது அந்த ஆணைக்குழுவே எனலாம். பாடத்துக்குப் பாடம் மாறுபடும் கடினத்தைச் சமன்செய்து ஒருவரின் நிலையைக் காட்டும் இசட் புள்ளியும், நாற்பது வீதம் நாடளாவிய திறமைக்கும் ஐம்பத்தைந்து வீதம் மாவட்டங்களுக்கும் ஐந்து வீதம் அம்பாறை உள்ளிட்ட பின்தங்கிய மாவட்டங்களுக்கும் எனப் பகிரப்படும் ஒதுக்கீடும் கணிக்கப்பட்டு, அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வெளியாக மாதங்கள் பல செல்லும். 2024ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை அவ்வருட நவம்பரில் தொடங்க, பெறுபேறு 2025 ஏப்ரலில் வந்தது. வெட்டுப்புள்ளிக்கு அதற்குப் பின்னும் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த இடைவெளியில்தான் அவர் ஜமாஅத்தில் புறப்படுகிறார். மௌலானா முஹம்மது இல்யாஸ் 1920களில் வட இந்தியாவின் மேவாத் பகுதியில் தொடங்கிய தப்லீக் பணியில், சொந்தச் செலவில் மூன்று நாளோ, ‘சில்லா’ எனப்படும் நாற்பது நாளோ, நான்கு மாதமோ பள்ளிவாசல்களில் தங்கி மார்க்கத்தைக் கற்பதும் எடுத்துச் சொல்வதும் வழக்கம். மனித இதயத்தின் நெடுக்குவெட்டை வரைந்து பெயரிடத் தெரிந்த அவருக்கு, ‘கித்மத்’ எனப்படும் பணிவிடை முறை வரும் நாளில் பன்னிரண்டு பேருக்குச் சோறு வடிக்கத் தெரியாது என்பது புத்தளத்திலோ ஹம்பாந்தோட்டையிலோதான் வெளிப்படும். கீழே அடிப்பிடித்தும் மேலே அரைவேக்காடாகவும் இறங்கிய அச்சோற்றை, ‘சஹன்’ எனப்படும் பொதுத் தட்டைச் சுற்றி அமர்ந்தவர்கள் பொறுமையுடன் உண்பதை, அந்தப் பயணத்தின் ஆன்மீகப் பயன்களுள் ஒன்றாகக் கருத இடமுண்டு.

அவருடைய எண்ணத்தின் தூய்மையைச் சந்தேகிப்பது நியாயமன்று. ஆயினும் பின்னிரவுத் தஹஜ்ஜுத் தொழுகைக்குப் பின் உலக மக்கள் அனைவரின் நேர்வழிக்காகவும் கையேந்தும் அவர், அந்தத் துஆவின் கடைசியில் தமது இசட் புள்ளியை நான்கு தசமதானங்களுக்கும் பிசகாமல் இறைவனுக்கு நினைவூட்டத் தவறுவதில்லை.

ஊரில் இருக்கும் நாட்களில் அவர் இரத்ததான முகாமில் பெயர் பதிவார், நோன்புக் கஞ்சிக்கு வாளி தூக்குவார், புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். இவை யாவற்றையும்விடக் கடினமானது வாசலில் காத்திருக்கும் மருத்துவச் சேவையாகும். “மகன், இந்தச் சீனிக் குளிசையச் சாப்பாட்டுக்கு முந்தியா பிந்தியா போடுற?” என்று கிளினிக் கொப்பியை விரித்துக் கேட்கும் மூத்தம்மாவிடம், ஓமோன்கள் வரை மட்டுமே கரைத்துக் குடித்த அவர், “கிளினிக்கில சொன்ன மாதிரியே போடுங்க, மூத்தம்மா” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார். எதையும் விளக்காத இப்பதிலைக் கேட்டதும், பிள்ளை அசல் டொக்டரேதான் என்ற உறுதி மூத்தம்மாவுக்கு ஏற்பட்டுவிடுகிறது.

பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளையை அவ்வீட்டுக்கு அழைக்கும் கிழக்கிலங்கை வழக்கம், கல்யாணத் தரகரையும் இந்த ஆய்வுக்குள் கொண்டுவருகிறது. பெறுபேறு வந்த கிழமையில் தரகர் பேசும் வீடு தளவீடாக இருக்கும். வெட்டுப்புள்ளி நெருங்க நெருங்க அதற்கு மேல்மாடி எழும்பும். புள்ளி மயிரிழையில் தவறிவிடின், மேல்மாடி மட்டுமன்றித் தரகரும் காணாமற்போவார். அதே புள்ளியைப் பெற்ற ராத்தாமாரோ இத்தனை ஆரவாரமின்றி, ஞாயிறுதோறும் நடக்கும் அஹதிய்யா மார்க்கப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டும், வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டும் காத்திருக்கிறார்கள். அவர்களை எவரும் முன்கூட்டி டொக்டர் என்று அழைப்பதில்லை, அழைத்திருக்கலாம்.

வெட்டுப்புள்ளி பெரும்பாலும் அவர் கித்மத்தில் வெங்காயம் உரிக்கும் நேரத்திலேயே வெளியாகிறது. தொலைபேசி அணைந்து கிடப்பதால் உம்மா, வாப்பா, தரகர், மூத்தம்மா ஆகிய அனைவரும் அறிந்த பின்னரே, ஜமாஅத்தின் தலைவரான அமீரின் வழியாக அச்செய்தி அவரை வந்தடைகிறது. அமீர் கட்டித் தழுவி, அல்ஹம்துலில்லாஹ் கூறி, பணிவின் அவசியத்தைப் பற்றி இரண்டு வார்த்தை நஸீஹத்தும் செய்த பின், சாரத்தைச் சற்று உயர்த்தி, “டொக்டர் தம்பி, இந்த முழங்கால் நோவு ஆறு மாசமா இருக்கு, என்னண்டு ஒருக்காப் பாருங்க” என்கிறார்.