ஓடறதுக்கு எடம் தேடுறியா, நைனா?

வா கண்ணு, குந்து. இன்னா, மூஞ்சி வாடிக் கெடக்குது? ஓடறதுக்கு எடம் கெடைக்கலியாமே? கேள்விப்பட்டேன். ராவெல்லாம் செல்லுல மேப்பைத் தடவிகினு, "திருவொத்தியூர் பக்கத்துல நல்ல ட்ராக் எங்க இருக்குது"ன்னு அதாண்ட கேட்டியாம். அது உன்னை பெசன்ட் நகருக்குப் போவச் சொல்லிச்சாம். பின்ன? அது என்னிக்காவது டோல்கேட்டுல எறங்கி டீ குடிச்சிருக்குதா?

ஷூ எவ்ளோ? பன்னெண்டாயிரமா? யம்மாடி! அந்த வாட்ச்? வேணாம், சொல்லாத, எனக்கு பிரஷர் ஏறும். துட்டெல்லாம் போட்டாச்சு. ஓடறது ஒண்ணுதான் பாக்கி. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அவளாச்சும் கூடத்துல நின்னுகினு சொன்னா. நீ கட்டில்ல படுத்துகினே சொல்ற.

அந்த பெசன்ட் நகர் சமாச்சாரத்தை நானும் விசாரிச்சேன். கெவர்மெண்டு போட்ட நடைபாதை. "நடப்போம் நலம் பெறுவோம்"னு பேரு. 2023 நவம்பர்ல தொறந்தாங்கோ. 8 கிலோமீட்டர். அப்போ சுகாதார மந்திரியா இருந்த மா. சுப்பிரமணியன் ஜப்பான் போயிருந்தப்ப, டோக்கியோவுல இப்படி ஒரு பாதையைப் பாத்துட்டு வந்து செஞ்சதாம். அந்தாளு நெசமாவே ஓடுறவரு, நூறு அரை மாரத்தானுக்கு மேல ஓடினவரு, அதுல நான் கொறை சொல்ல மாட்டேன். 38 ஜில்லாவுக்கும் தலைக்கு ஒண்ணு குடுத்தாங்க. நல்ல காரியம். மெட்ராஸ் ஜில்லாவோட பங்கு மட்டும் எங்க போயி விழுந்திச்சு பாத்தியா? நம்ம தேரடியில இருந்து அங்க போவ இருவது கிலோமீட்டருக்கு மேல ஆவும். எட்டு கிலோமீட்டர் நடக்க, போவ வர நாப்பது கிலோமீட்டர் பஸ்ஸுல தொங்கினா ஒடம்பு எளைக்கத்தான் செய்யும். தொங்கினதுல.

உன் வாட்ச் தெனம் பத்தாயிரம் அடி நடன்னு உசுர வாங்குதாமே, அது யாரு போட்ட சட்டம்? டாக்டரா? அதுவும் ஜப்பான்காரன் வேலைதான். 1964-ல டோக்கியோவுல ஒலிம்பிக்ஸ் நடந்திச்சு. ஊரு பூரா ஒடம்பு வளக்கற ஆசை. அடுத்த வருசமே ஒரு கம்பெனிக்காரன் அடி எண்ற மெஷின் ஒண்ண கடைக்கு வுட்டான். விக்கணுமே? பத்தாயிரம்னு ஒரு ரவுண்டு நம்பரை அது பேர்லயே சேத்துட்டான். வியாபாரி வச்ச கணக்கு இப்ப வேதமாப் போச்சு. ராத்திரி பதினோரு மணிக்கு வராண்டாவுல கோணக்கமாணக்கன்னு நீ நடக்கறியே, அப்ப எத்தினி பாக்கி இருந்திச்சு? நானூறா? நானூறு அடி கொறைஞ்சா இன்னா, ஒடம்பு கோர்ட்டுல கேஸு போடுமா?

பீச்சுல ஓடலாமேன்ற. எந்த பீச்சு கண்ணு? மெரினாக்காரன் மணல்ல ஓடறான், பாக்க ஷோக்காத்தான் கீது. அது யாரு மணலு? நம்மளுது! சிரிக்காத, கேளு. நம்ம கரையில வருசத்துல முக்காவாசி மாசம் கடல் மணலை தெக்க இருந்து வடக்கத் தள்ளிகினு வரும். அதுக்கு யாரும் கூலி குடுக்கல, அதும்பாட்டுக்கு வந்துகினு இருந்திச்சு. வெள்ளைக்காரன் 1870-கள்ல கடலுக்குள்ள கைய நீட்டி துறைமுகச் செவுரு கட்ட ஆரம்பிச்சான். 1881-ல அடிச்ச பொயல்ல பாதிக் கட்டடம் பிச்சுகினு போச்சு. விட்டானா? திரும்பக் கட்டினான். செவுரு தடுத்தப்பறம் வந்த மணலு தெக்கயே நின்னு போச்சு. பந்தியில மொத எலைக்காரன் அண்டாவையே புடிச்சிகினா கடைசி எலைக்கு இன்னா வரும்? அந்தப் பக்கம் மணலு ஏற ஏற, 1884-ல கிராண்ட் டஃப்னு ஒரு கவர்னரு அதுக்கு ஓரமா உலாத்தறதுக்கு ரோடு போட்டு மெரினான்னு பேரு வச்சாரு. இந்தப் பக்கம் ராயபுரத்துல இருந்து கடல் வூடு வூடா தின்னுகினே வந்திச்சு. அப்பால லாரி லாரியா பாறாங்கல்லைக் கொண்ணாந்து கொட்டினாங்க. தூண்டில் வளைவு போட்டாங்க. இப்ப நீ பீச்சுல ஓடணும்னா கல்லு மேல ஓடு. காலு எங்கியாச்சும் மாட்டிகிச்சுன்னா நண்டு வந்து நலம் விசாரிக்கும். நியாயமாப் பாத்தா மெரினாவுல ஓடறவன்கிட்ட நம்மாளுங்க மாசா மாசம் வாடகை வசூல் பண்ணணும்.

அப்ப எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடா? மேப்புல ஒரு பக்கம் நீலமாக் கடல் தெரியுது, நேரா கோடு போட்டாப்புல போவுது, அதானே உன் ஆசை? போயிதான் பாரேன். துறைமுகத்துக்குள்ள போவ கண்டெய்னர் டிரெய்லருங்க வரிசை கட்டி நிக்கும். ஜீரோ கேட்டு தெறக்கற வரைக்கும் டிரைவருக்கு அங்கதான் குடித்தனம். வண்டிக்கு அடியில ஸ்டவ் பத்தவச்சி கொயம்பு கொதிக்கும். ரெண்டு வண்டிக்கு நடுவுல கயிறு கட்டி லுங்கி காயும். அந்தாளு ராவெல்லாம் ஒரே எடத்துல நின்னு நொந்து போயி குந்தினு இருக்கான். நீ தொடை தெரிய ஒரு டவுசரைப் போட்டுகினு, காதுல பஞ்சாட்டம் ஒண்ணச் சொருவிகினு மூச்சிரைக்க ஓடற. போன வாரம் அப்பிடித்தான் உன்ன ஒரு டிரைவரு நிறுத்தி, "இன்னா தம்பி, எவனாச்சும் தொரத்துறானா?"ன்னு தண்ணி பாட்டிலை நீட்டினாராமே. நல்ல மனுசன். அவரு கேட்டதுல தப்பு இன்னா கீது? எங்க காலத்துல ஓடறவன் ரெண்டே வகை. போலீஸைப் பாத்தவன், இல்ல பாக்ஸிங் பழகறவன். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர்னு பரம்பரை வச்சி சண்டை போட்ட ஊரு இது. அந்தப் பசங்க விடிகாலையில ஓடுவானுங்க. ஆனா எதுக்கு ஓடறோம்னு அவனுக்குத் தெரியும். சாயந்திரம் எதிராளி குத்துவான், அதுக்கு. உன்ன யாரு குத்தப் போறாங்க?

விடிகாலைன்னதும் ஞாபகம் வந்திச்சு. அஞ்சு மணிக்கு எந்திரிச்சி ஓடுன்னு உனக்கு எவன் சொன்னான்? புத்தகத்துலயா? அவன் ஊருல மணலி இல்ல. நம்ம ஊருக்கு மேற்கால மணலியில எண்ணெய் ஆலையும் உர ஆலையும் நிக்குது. ராவுல இருந்து காலையில வரைக்கும் காத்து நெலத்துல இருந்து கடலுக்குப் போவும். போற வழியில யாரு வூடு? உன் வூடு. மார்கழி மாசத்துல பனி வேற மூடி போட்டு அமுக்கிடும், பொகை மேல ஏறாது. சும்மா குந்திகினு இருக்கறவன் நிமிசத்துக்கு 6, 7 லிட்டர் காத்து இழுப்பான். ஓடறவன் 50, 60 லிட்டர் இழுப்பான், அதுவும் வாயால. அத்தினியும் வடிகட்டாம நெஞ்சுக்குள்ள போவும். இதுக்குப் பேரு ஆரோக்கியமா? மத்தியானத்துக்கு மேல கடக்காத்து கெளம்பும். சாயந்திரம் அஞ்சு மணிக்கு வாசல்ல நின்னு மூக்கால இழுத்துப் பாரு. உப்பு வாசனை வந்தா ஓடு. அழுகின முட்டை வாசனை வந்தா உள்ள போயி கதவைச் சாத்திகினு உட்காரு. உன் வாட்ச் நாடிதான் பாக்கும், நாத்தம் பாக்காது.

எங்க சனங்க ஓடத் தெரியாதவங்கன்னு நெனச்சிடாத. 2023 டிசம்பர் 26 ராத்திரி, எண்ணூர் பெரியகுப்பத்துல கடலுக்கடியில போற கொயாயில இருந்து அமோனியா கசிஞ்சிச்சு. தூங்கினு இருந்ததுங்க கண்ணு எரிஞ்சி, தொண்டை அடைச்சி, கொயந்தையை வாரி தோள்ல போட்டுகினு ஓடிச்சுங்க. எத்தினி பேரு ஆஸ்பத்திரில போயி படுத்தாங்க தெரியுமா. அன்னிக்கு யாரு காலுல ஷூ இருந்திச்சு? ஓடி முடிச்சவங்களுக்கு மெடலும் குடுக்கல, வாழப்பழமும் குடுக்கல.

சரி வுடு, அதைப் பேசினா வயிறு எரியும். எடம் சொல்றேன், கேட்டுக்கோ.

ராயபுரத்துல அண்ணா பூங்கா. பழைய பேரு ராபின்சன் பார்க். 1949 செப்டம்பர்ல, கொட்ற மழையில அண்ணா கட்சி ஆரம்பிச்ச கூட்டம் அங்கதான் நடந்திச்சு. ஒரு கட்சியே அங்கருந்து ஓட ஆரம்பிச்சிது, உன்னால நாலு சுத்து ஓட முடியாதா? பெருசுங்க நடக்கும், குறுக்க வரும், ரேஷன் கடை நியாயம் பேசும். ஒதுங்கிப் போ.

நம்மூர்லயே பாத்தா தியாகராஜர் கோயிலைச் சுத்தி மாட வீதி. நெழலு கீது, வழியில டீக்கடை கீது, வுயுந்தா தூக்க ஆளு கீது. இதுக்கு மேல ஒரு ட்ராக்குக்கு இன்னா வேணும்? வள்ளலாரு ஏழுகிணறு வீராசாமி பிள்ளை தெருவுல குடியிருந்தவரு. அங்கருந்து இந்தக் கோயிலுக்கு ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும். 1858-ல அவரு மெட்ராஸை வுட்டுப் போற வரைக்கும், வருசக்கணக்கா நடந்தே வந்து வடிவுடையம்மனைப் பாத்துட்டு நடந்தே போனாரு. எத்தினி அடின்னு எண்ணல. பாட்டுதான் எண்ணினாரு. இப்பவும் வெள்ளிக்கெழமையும் பௌர்ணமியும் சேந்து வந்தா பொம்பளைங்க காலையில மேலூர் திருவுடையம்மன், உச்சிக்கு நம்ம வடிவுடையம்மன், சாயந்திரம் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன்னு ஒரே நாள்ல மூணு கோயில் பாத்துட்டு வந்து, வூட்டுல சோறும் ஆக்குவாங்க. நீ அஞ்சு கிலோமீட்டர் ஓடிட்டு போட்டோ போட்ட, "முடித்தேன்"னு. இன்னாத்த முடிச்ச?

ஷூ வேணாம்னு நான் சொல்லல, அதையும் கேட்டுக்கோ. நம்ம ரோட்டுல ஆணி, பீங்கான், மீன் முள்ளு எல்லாம் கெடக்கும். போட்டுக்கோ. சிமெண்டு ரோட்டுலயே தெனம் ஓடாத. மண்ணு தரை பாத்து ஓடு. பள்ளிக்கூட மைதானம் ஒண்ணு பக்கத்துல இருந்தா வாட்ச்மேனுக்கு ஒரு டீ வாங்கிக் குடு. உன் செல்லுல இருக்கற எல்லா ஆப்பையும் விட அந்த ஒரு டீ நல்லா வழி காட்டும்.

ஏப்ரல் 15 தொட்டு ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளு காசிமேட்டுல லாஞ்சுங்க கரையோரமா நிக்கும். பெயிண்டு அடிப்பாங்க, வலை பின்னுவாங்க. ஜனம் கம்மி, காலாற நடக்கலாம். மத்த நாள்ல அங்க ஓடறேன்னு போவாத. விடியறதுக்கு முன்னாடியே ஏலம், ஐஸு, கூடை, மீன்பாடி வண்டி. முப்பது கிலோ கூடையைத் தலையில வச்சிகினு வழுக்கற தரையில வேகமா வர்ற ஆயாவுக்கு நீ குறுக்க போனா, அவ வாயில இருந்து வர்ற தமிழு உனக்குத் தாங்காது.

நாளைக்கே போறியா? சரி, சைக்கிள்ல போ, ஓடாத. போறதே போற, ஒரு கிலோ சங்கரா வாங்கினு வா. மொத வெலைக்கு ஒத்துக்காத. செவுளைத் தூக்கிப் பாரு, ரத்தச் செவப்பா இருக்கணும். அந்த வாட்சைக் கழட்டி பையில போட்டுகினு பேரம் பேசு. அதைப் பாத்தா கெழவி இருநூறு ரூவா ஏத்திச் சொல்லுவா.