அசிட்டிக் அமிலக் குப்பிக்கு ஒரு திறப்பு விழா

அரசு பொது மருத்துவமனைகளைப் பரிபாலிக்கும் சுகாதார அதிகாரிகள் சமூகத்துக்கு,

கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பூர்வாங்கத்திலேயே கண்டறியும் பரிசோதனையைத் தாங்கள் எத்துணை அடக்கத்தோடு நடத்தி வருகிறீர்கள் என்பதைப் பாராட்டவே இவ்விண்ணப்பம். பிரசவத்துக்கும், பேரக் குழந்தையின் தடுப்பூசிக்கும், கணவரின் சர்க்கரை மாத்திரைக்குமாக வருஷக்கணக்கில் தங்கள் வாசலை மிதிக்கும் தாய்மார்கள், அதே கட்டடத்தில் தமக்கென்றும் இலவசமாக ஒரு பரிசோதனை உண்டென்று அறியாமலே வீடு திரும்புகிறார்கள் என்றால், விளம்பரத்தை வெறுக்கும் தங்கள் வைராக்கியத்தை என்னென்பது!

பயிற்சி பெற்ற செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, வெளுத்துத் தோன்றும் திட்டுக்களை வெறுங்கண்ணால் கண்டு, தேவையானவர்களுக்குச் சிகிச்சைக்கும் வழிசெய்ததன் பயனாக, திண்டுக்கல் ஜில்லாவில் 30 முதல் 59 வயது வரையுள்ள ஸ்திரீகளிடையே இந்நோயால் நேரும் மரணம் 35 சதவிகிதம் குறைந்ததென்று 2007-இல் 'லான்செட்' பத்திரிகை ஆய்வு முடிவைப் பிரசுரித்தது. அப்புறமும் இப்பரிசோதனை பிரபலமாகாததற்குக் காரணம் அந்த அமிலத்தின் ஜாதகதோஷமே. கோடி ரூபாய் யந்திரமாகப் பிறந்திருந்தால் மந்திரியே வந்து நாடா வெட்டியிருப்பார். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் குப்பியில் பெயர் பொறித்த சலவைக்கல்லை எங்கே பதிப்பது?

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஒரு முறையேனும் இப்பரிசோதனை செய்துகொண்டவர்கள் பாரத தேசத்தில் நூற்றுக்கு 1.9, தமிழ்நாட்டில் 9.8. பத்து மதிப்பெண் வாங்கிய பையன், இரண்டு வாங்கிய அடுத்த வீட்டுப் பையனைக் காட்டித் தகப்பனாரிடம் மார்தட்டுவதுபோல் நாமும் தட்டிக்கொள்ளலாம். 2030-க்குள் நூற்றுக்கு எழுபது பெண்களைப் பரிசோதித்துவிட வேண்டுமென்னும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் பேராசைதான் நம் திருப்தியைக் குலைக்கிறது.

ஆகவே, அந்தக் குப்பிக்கே ஒரு திறப்பு விழா நடத்தி, அதன் கழுத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் பொறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. மாலைச் செலவு போக ஏதேனும் எஞ்சினால், தாழ்ப்பாளுள்ள கதவு ஒன்றையும், கிழியாத திரைச்சீலை ஒன்றையும், "பயப்படாதீங்கம்மா" என்று சொல்ல அவகாசமுள்ள செவிலியர் ஒருவரையும், முடிவை அன்றைக்கே சொல்லி, வேண்டிய சிகிச்சையையும் கூடியவரை அன்றைக்கே தொடங்கிவிடும் வழக்கத்தையும் ஏற்படுத்தித் தரப் பிரார்த்திக்கிறோம்.

இந்நோய் முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்து வருஷங்களுக்கு மேல் தவணை தருகிறது. அவ்வளவு தவணையும் ஓர் இலாகாவுக்குப் போதவில்லையென்றால், குற்றம் நோயினுடையதன்று.

இப்படிக்கு,
தங்கள் வாசலில் வரிசையில் நிற்கும் ஒரு பிரஜை