ரிமோட்டைக் கீழே வையுங்கள்!

(இந்த வாரம் முழுக்க டி.வி. பார்த்து முகம் வரைகிறவர்களின் கேள்விகள்தான். பென்சில் சீவிக்கொண்டே படிக்கலாம்.)

டி.வி.யை நிறுத்திவைத்துவிட்டு முகம் வரைவது தப்பா? – திருநெல்வேலி வாசகர்

தப்பில்லை, நஷ்டம். திரையில் நொடிக்கு 25 படம் ஓடுகிறது. நீங்கள் ரிமோட்டை அமுக்கும்போது வந்து மாட்டுவது பெரும்பாலும் பாதி மூடிய கண்ணும் கோணிய வாயும்தான். அதை அச்சு அசலாக வரைந்தால், அழகான கதாநாயகிக்கு அரைத்தூக்கம் என்றுதான் ஊர் சொல்லும். ஓடவிட்டு வரையுங்கள். ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்ப வந்து நிற்கிற ஒரு தலைச்சாய்வு, ஒரு புருவத்தூக்கல் இருக்கும். முதலில் அதைப் பிடியுங்கள். மூக்கு நுனி அடுத்த குளோசப்பில் வரும்.

அதற்குள் முகம் மறைந்துவிட்டால்? – கரூர் வாசகி

ஞாபகத்திலிருந்து வரையுங்கள். இங்கிலாந்தில் நீதிமன்றத்துக்குள் படம் வரைய 1925-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருக்கிறது. அங்கே ஓவியர்கள் உள்ளே கண்ணால் பார்த்துவிட்டு, வெளியே வந்துதான் குற்றவாளிக் கூண்டில் நிற்பவரை வரைகிறார்கள். உங்களுக்காவது மறுஒளிபரப்பு உண்டு.

யாரை வரைந்து பழகுவது? சீரியலில் யாரும் ஒரு நிமிடம் சும்மா நிற்பதில்லையே! – சேலம் வாசகர்

அப்படிச் சொல்லிவிட முடியாது. மாமியாருக்கு அதிர்ச்சி என்றால் மூன்று கோணத்தில், மூன்று தடவை, இடி முழக்கத்தோடு முகத்தைக் காட்டுகிறார்களே, ஓவியருக்கு அதைவிட என்ன வரம் வேண்டும்? செய்தி வாசிப்பவர் அசையமாட்டார், ஆனால் நாலு பக்கமும் விளக்கு. நிழலே விழாத முகத்தில் மூக்கு எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடவேண்டும். என் ஓட்டு சதுரங்கத்துக்கு. 2024-இல் சிங்கப்பூரில் குகேஷும் டிங் லிரனும் ஆடிய உலகப் போட்டியைப் போட்டுப் பாருங்கள். முதல் 40 நகர்த்தலுக்கு ஆளுக்கு 120 நிமிடம். குகேஷ் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார், கேமராவும் முகத்தை விட்டு நகராது. இப்படி ஒரு மாடல் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

வெள்ளைத் தாள் இருக்க, பழுப்பும் சாம்பலும் எதற்கு? சும்மா ஸ்டைலா? – கோவை வாசகர்

வேலை பாதியாகிறது, அதற்குத்தான். வெள்ளைத் தாளில் நெற்றி, கன்னம், கழுத்து எல்லாவற்றையும் நீங்களே நிரப்பவேண்டும். நிரப்பி முடிப்பதற்குள் விளம்பரமே வந்துவிடும். நிறத்தாளிலோ நடுத்தர வெளிச்சம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. இருட்டுக்கு ஒரு பென்சில், மினுக்குக்கு வெள்ளை, மிச்சத்தைத் தாளிடம் விட்டுவிடலாம். இது பழைய தந்திரம். ஓவியர் டியூரர் 1508-இல் வரைந்த கூப்பிய கைகள் நீலம் பூசிய தாளில்தான் இருக்கின்றன. இன்றைக்கும் வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில்தான் அந்தக் கைகள் இருக்கின்றன. ஓவியர் ஹோல்பைன், இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் அரண்மனை ஆட்களை வரையத் தாளுக்கு முன்கூட்டியே வெளிர்சிவப்புப் பூசிக்கொண்டார். வெள்ளைக்காரர் சருமம் தாளிலேயே தயார்! அவருக்கும் அவசரம் உண்டு. ஹென்றிக்குப் பெண் பார்க்க 1538-இல் பிரஸ்ஸல்ஸ் போனபோது, டென்மார்க் இளவரசி கிறிஸ்டினா படம் வரைய உட்கார்ந்தது மூன்றே மணி நேரம். அதிலிருந்து வளர்ந்த முழுஉருவப் படம் லண்டன் நேஷனல் கேலரியில் தொங்குகிறது. கல்யாணம்தான் நடக்கவில்லை. நமக்கு வெளிர்சிவப்பு வேண்டாம், பழுப்புத் தாள் போதும். நம்மில் பலர் முகம் அதிலேயே பாதி வந்துவிடும்.

என் பெட்டியில் 'ஸ்கின்' என்று ஒரு பென்சில் இருக்கிறது. எங்கள் வீட்டில் யாருக்குமே அது பொருந்தவில்லை. – மதுரை வாசகி

கிரேயோலா நிறுவனம் 1962-லேயே 'ஃபிளெஷ்' என்ற தன் நிறப் பெயரை விட்டுவிட்டு 'பீச்' என்று மாற்றிக்கொண்டது. உங்கள் பெட்டிக்குச் செய்தி இன்னும் எட்டவில்லை. அந்தப் பென்சிலைச் சுவருக்கு வைத்துக்கொள்ளுங்கள். முகத்துக்குச் செங்கல் நிறம், அடர்பழுப்பு, மெரூன் போதும். நிழலுக்குக் கருநீலமோ ஊதாவோ மெல்லிசாக. கறுப்பு, கண்மணிக்கு மட்டும். கறுப்பாலேயே நிழல் போட்டால் நிஜமாகவே முகத்தில் கரி பூசியதாகிவிடும்.

வெள்ளைப் பென்சில் ஏறவே மாட்டேன் என்கிறதே? – தஞ்சை வாசகர்

மெழுகுமேல் மெழுகு வழுக்கத்தானே செய்யும்! மற்ற நிறங்களை அழுத்தித் தேய்த்துவிட்டு, கடைசியில் வெள்ளையைக் கூப்பிடுகிறீர்கள். மினுக்கு விழும் இடத்தை முதலிலேயே காலியாக விடுங்கள். நெற்றிமேடு, மூக்கு நுனி, கீழுதடு, கண்ணில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். விழிவெண்மைக்கும் பல்லுக்கும் வெள்ளை தீட்டாதீர்கள். பற்பசை விளம்பரமாகிவிடும்.

நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட் போதுமா? – விழுப்புரம் மாணவி

பழகத் தாராளம். வழவழப்பான பக்கத்தை விட்டுச் சொரசொரப்பான பக்கத்தில் வரையுங்கள். ஆனால் வருஷம் போகப்போக அந்தத் தாள் கறுத்து நொறுங்கும். கண்ணாடி போட்டு மாட்டுகிற படத்துக்கு அமிலமில்லாத தாள் வாங்குங்கள்.

எவ்வளவு வரைந்தும் 'அவர் மாதிரி' வரவில்லை. – நாகர்கோவில் வாசகர்

கண்ணை எங்கே வைத்தீர்கள்? உச்சந்தலைக்கும் தாடைக்கும் நட்டநடுவில் இருக்கவேண்டியதை எல்லோரும் மேலே ஏற்றிவிடுகிறார்கள். நெற்றியும் முடியும் சுருங்கிப்போகின்றன. அப்புறமும் வராவிட்டால் கவலை வேண்டாம். 2020 ஊரடங்கில் பிரிட்டனின் ஸ்கை ஆர்ட்ஸ் சேனல் ஒருவரை நாலு மணி நேரம் நேரலையில் உட்காரவைத்தது. வீட்டில் இருந்தவர்கள் அவரைத் திரையில் பார்த்து வரைந்தார்கள். ஒரே முகம்தான், ஆனால் ஆளுக்கொரு படம்.

நான் வரைய ஆரம்பித்தால் கணவர் கிரிக்கெட்டுக்கு மாற்றிவிடுகிறார். என்ன செய்வது? – சென்னை வாசகி

நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவரை வரையுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டால் டி.வி. வெளிச்சம் ஒரு பக்கமாக நீலமாய் விழும், பழுப்பைவிடச் சாம்பல் தாள் எடுப்பாக இருக்கும். கடைசி ஓவரில் அவர் இமைகூடக் கொட்டமாட்டார். விக்கெட் விழுவதற்குள் வாயை முடித்துவிடுங்கள்.